ஒரு வரியும் தொடாமல்

அப்பாவுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது என்று தெரிந்தபோது, எங்கே சேர்ப்பது என்று வீட்டில் யாரும் அதிகம் யோசிக்கவில்லை. திண்டுக்கல்லில் இருக்கும் ஒரு டயாலிசிஸ் சென்டருக்கு நான்தான் புரோகிராம் எழுதிக் கொடுத்திருந்தேன். அந்தச் சென்டர் அப்போதுதான் பழனியில் ஒரு கிளை திறந்திருந்தது. அப்பாவும் அம்மாவும் இருந்தது பாலசமுத்திரத்தில். டவுன் பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் பழனி வந்துவிடும். இப்படியாக, நான் எழுதிய புரோகிராமில் என் அப்பாவின் பெயரும் ஏறியது.

டயாலிசிஸ் என்றால் என்னவென்று தெரியாதவர்கள் கொடுத்து வைத்தவர்கள். வாரத்துக்கு மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நாலு மணி நேரம், ரத்தத்தை வெளியே எடுத்துச் சுத்தம் செய்து திரும்ப உள்ளே விடுவார்கள். ஒரு தடவை தவறினால் உடம்பில் நீர் தேங்கும், உப்பு ஏறும். பலர் அதையும் தாங்கிவிடுவார்கள். அப்பாவுக்கு அதற்கு முன்பே இதயம் பலவீனம். டாக்டர் எங்கள் மூன்று பேரையும் உட்கார வைத்துச் சொல்லியிருந்தார்: "இவருக்கு ஒரு நாள்கூடத் தள்ளிப் போடக் கூடாதும்மா. கல்யாணமோ எழவோ எதுவா இருந்தாலும் மெஷின்தான் முதல்ல. தவறுச்சுன்னா ஹார்ட் நின்னுரும்." இவ்வளவு பச்சையாகச் சொல்கிறாரே என்று எனக்கு அப்போது அவர்மேல் கோபம் வந்தது. பச்சையாகச் சொல்லாவிட்டால் எங்கள் வீட்டில் யார் கேட்டிருப்பார்கள்?

தென்னந்தோப்பு வைத்திருக்கிற மனுஷனுக்கு இளநீர் கூடாது, தண்ணீரே அளந்துதான் குடிக்க வேண்டும். அப்பா ஒரு வார்த்தை முணுமுணுக்காமல் ஏற்றுக்கொண்டார். உள்ளே இருந்த எரிச்சலை எல்லாம் தேங்காய் வியாபாரியிடம் காட்டினார் என்று நினைக்கிறேன், அந்த ஆள் எங்கள் வீட்டுப் பக்கம் வரும்போதே கும்பிடு போட்டுக்கொண்டு வருவார். டயாலிசிஸுக்கு அப்பா ஒரு முறைகூடத் தவறாமல் செவ்வாய், வியாழன், சனி என்று போய் வந்தார்.

நான் வேலை பார்த்தது திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், டயர் கடைக்கு மேல் மாடியில் இருந்த ஒரு சின்னக் கம்பெனியில். நூல் மில், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, யார் கேட்டாலும் புரோகிராம் எழுதிக் கொடுப்போம். டயாலிசிஸ் சென்டருக்கு எழுதியது முதலில் ஒரே ஒரு கம்ப்யூட்டருக்கானது. இன்றைக்கு யாருக்கு எந்த மெஷின், யாருக்கு என்ன மருந்து, அவ்வளவுதான். அங்கிருந்த தலைமை சிஸ்டர் ஒரு கறாரான அம்மா. நான் கொண்டுபோன முதல் திரையைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"இம்புட்டுப் பட்டன் எனக்கு வேணாம்மா. பேரை அமுக்கினா இன்னைக்கு லிஸ்ட்ல விழணும். தப்பா அமுக்கிட்டேன்னா, திருப்பி அமுக்கினா போயிரணும். லைட்டு சுவிட்ச் இருக்குல்ல, அது மாதிரி. கிளவுஸ் போட்ட கையை வச்சுக்கிட்டு கேன்சல் எங்க இருக்குன்னு எவ தேடிக்கிட்டு இருக்கிறது?"

நியாயமான பேச்சு. அப்படியே செய்து கொடுத்தேன். ஒரு முறை அமுக்கினால் பெயர் சேரும், இன்னொரு முறை அமுக்கினால் பெயர் நீங்கும். இரண்டுக்கும் ஒரே பச்சை டிக். அந்த அம்மா என்னைக் கூப்பிட்டு டீ வாங்கிக் கொடுத்தார்.

பழனிக் கிளை வந்ததும் சிக்கல் தொடங்கியது. இரண்டு ஊரிலும் இரண்டு கம்ப்யூட்டர், ஒன்றுக்கு ஒன்று பேச்சுவார்த்தை கிடையாது. பழனியில் ஒரு மெஷின் கெட்டுப்போனால் அங்கிருக்கும் சிஸ்டர் திண்டுக்கல்லுக்கு போன் போட்டு, "ரெண்டு பேரை அனுப்புறேங்க, எடுத்துக்கோங்க" என்று சொல்ல வேண்டும். சென்டர்காரர்கள் இரண்டையும் சேர்த்துத் தரச் சொன்னார்கள். என் முதலாளி கணக்குப் போட்டுப் பார்த்தார். நான் எழுதியதைப் பிரித்து, இரண்டு ஊருக்குமாக மாற்றி எழுத மாதக்கணக்கில் ஆகும் என்றேன். அவர் முகம் சுருங்கிப்போனது.

அப்போதுதான் எங்கள் ஆபீசில் பெங்களூரிலிருந்து திரும்பி வந்த ஒருவர் சேர்ந்திருந்தார். திண்டுக்கல்காரர்தான், அவருடைய அம்மா இங்கே ஒரு கான்வென்ட் பள்ளியில் டீச்சராக இருந்தவர். என்னைவிட வயதில் இளையவர், என்னை அக்கா என்று கூப்பிடுவார். கெட்டிக்காரர். அதை இன்றைக்கும் மறுக்க மாட்டேன்.

"அக்கா, நீங்க எழுதினதுல ஒரு வரியும் தொட மாட்டேன். மேலாப்புல இருந்தே ரெண்டு ஊரையும் இணைச்சுத் தாரேன்" என்றார்.

அவர் கையில் இருந்தது ஆஸ்பெக்ட் என்று ஒரு வகை மொழி. கல்யாண மண்டபத்து வாசலில் பன்னீர் தெளிக்க ஒரு பெண்ணை நிறுத்துகிறோம் அல்லவா? யார் உள்ளே வந்தாலும் தெளி என்று அவளுக்கு ஒரே ஒரு சொல் சொன்னால் போதும். விருந்தாளிகளின் வீடு வீடாகப் போய், "நீங்களே பன்னீர் தெளித்துக்கொண்டு வாருங்கள்" என்று சொல்ல வேண்டியதில்லை. வருகிறவர்களுக்கு அப்படி ஒருத்தி நிற்பதே தெரிய வேண்டாம். ஆஸ்பெக்ட் செய்வதும் இதுதான். பழைய புரோகிராமை அப்படியே விட்டுவிட்டு, "எந்த இடத்தில் எல்லாம் இன்னொரு கிளையின் நோயாளி பெயர் வருகிறதோ, அந்த இடத்தில் எல்லாம் வேலையை அந்த ஊர் கம்ப்யூட்டருக்கு அனுப்பு" என்று தனியாக ஒரு விதியை எழுதி வைத்தால், மொழியே அதை எல்லா இடத்திலும் கொண்டுபோய்ப் பின்னிவிடும். லைன் கட்டானால் என்ன செய்வது என்பதற்கும் இன்னொரு விதி: "பதில் வரவில்லையா, மறுபடி அனுப்பு. அப்போதும் வரவில்லையா, இன்னொரு தடவை அனுப்பு. பதில் வந்ததும் பச்சை டிக் காட்டு." என் புரோகிராமுக்கு எதுவும் தெரியாது. அது தன்பாட்டுக்கு ஒரே கம்ப்யூட்டரில் ஓடுவதாக நினைத்துக்கொண்டிருக்கும்.

எனக்கு அது பிடித்திருந்தது. நான் எழுதியதில் யாராவது கை வைத்தால் எனக்கு ஆகாது. என் அடுக்களையை யாராவது ஒதுங்க வைத்தால்கூட எனக்கு ஆகாது. இங்கே ஒருவர் கையே வைக்காமல் வேலையை முடிக்கிறேன் என்கிறார், எனக்கு வேறென்ன வேண்டும்? முதலாளிக்கோ வாயெல்லாம் பல். சென்டர்காரர்களை வரவழைத்து, அவர்கள் கண் முன்னால் அந்தத் தம்பி நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கிக் காட்டினார். திரையில் ஒரு சக்கரம் சுற்றியது. கேபிளைத் திரும்பச் செருகினார். பச்சை டிக் வந்தது. பெயர் அந்தப் பக்கத்துக் கம்ப்யூட்டரில் போய் உட்கார்ந்திருந்தது. எல்லோரும் கை தட்டினோம். நானும்தான்.

கேபிளைப் பிடுங்கினால் லைன் சுத்தமாகச் செத்துவிடும். செத்த லைனில் அனுப்பியது போய்ச் சேராது, அதனால் மறுபடி அனுப்பினால் தப்பில்லை. லைன் சாகாமல் இழுத்துக்கொண்டு கிடந்தால் என்ன ஆகும் என்று அந்த அறையில் இருந்த யாருக்கும் தோன்றவில்லை.

ஒரு வருஷத்துக்கு மேல் நன்றாகவே ஓடியது. இரண்டு ஊர் சிஸ்டர்களும் ஒருவருக்கொருவர் போன் செய்வதை விட்டுவிட்டார்கள். திரை பச்சையாக இருக்கும்போது போன் எதற்கு? அப்பாவையும் இரண்டு முறை பழனியிலிருந்து திண்டுக்கல்லுக்கு மாற்றினார்கள். இரண்டு முறையும் அவர் போய் இறங்கியபோது மெஷின் தயாராக இருந்தது. முடித்துவிட்டு என் ஆபீசுக்கு வந்து, டயர் கடை வாசலில் நின்று கீழே இருந்தே கூப்பிடுவார், மாடி ஏற மூச்சு வாங்கும் என்று.

பிறகு அந்தத் தைப்பூசம் வந்தது.

பூசத்தின்போது பழனியில் என்ன நடக்கும் என்பது எங்கள் பக்கத்துக்காரர்களுக்குத் தெரியும். பாதயாத்திரைக்காரர்கள் ரோட்டை அடைத்துக்கொண்டு வருவார்கள், பஸ் எந்த வழியாகத் திருப்பி விடப்படும் என்று டிரைவருக்கே தெரியாது, வந்த அத்தனை பேர் கையிலும் செல்போன் இருப்பதால் டவர் திணறும். போனில் பேச முடியாது. வாட்ஸ்அப்பில் ஒரு வரி அனுப்பினால் சாயங்காலம் போய்ச் சேரும். பழனிக் கிளைக்கு நெட் இணைப்பு என்று இருந்ததும் ஒரு சிம் கார்டுதான்.

அன்றைக்குக் காலையில் அப்பா போனபோது பழனிக் கிளையில் தண்ணீர் சுத்திகரிக்கிற பிளான்ட் மோட்டார் புகைந்து நின்றுவிட்டிருந்தது. சுத்தமான தண்ணீர் இல்லாமல் டயாலிசிஸ் இல்லை. மோட்டார் பார்க்கிறவர் ரோட்டில் எங்கேயோ கூட்டத்தில் மாட்டிக்கொண்டிருந்தார். அங்கிருந்த சிஸ்டர் காலை நேரத்து நோயாளிகள் அத்தனை பேரையும் திண்டுக்கல்லுக்கு மாற்றினார். ஒவ்வொரு பெயராக ஒரு முறை அமுக்கினார், ஒரே ஒரு முறை. சக்கரம் நீண்ட நேரம் சுற்றியது. கடைசியில் எல்லாப் பெயருக்கும் பச்சை டிக் வந்தது. "எல்லாம் ஏறிருச்சுங்க, பதனமாப் போய்ட்டு வாங்க" என்று சொல்லி அனுப்பினார். அந்தப் பெண்ணின் மேல் ஒரு குற்றமும் இல்லை.

அப்பா, அம்மா, கூடவே நெய்க்காரப்பட்டியிலிருந்து அதே நேரத்துக்கு வரும் ஒரு அக்கா, மூன்று பேரும் சேர்ந்து ஒரு வாடகைக் கார் பிடித்தார்கள். எதிரே நடந்து வருகிற கூட்டத்துக்கு ஒதுங்கி ஒதுங்கிக் கார் ஊர்ந்தது. அவர்கள் திண்டுக்கல்லில் இறங்கியபோது உச்சிவெயில்.

அங்கே வரவேற்பில் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் இருந்தார். அந்தக் கறாரான தலைமை சிஸ்டர் இருந்திருந்தால், "பழனிக்காரங்களா, வாங்க" என்று திரையைப் பார்க்காமலே உட்கார வைத்திருப்பார். அவர் விரதம் இருந்து, மஞ்சள் புடவை கட்டிக்கொண்டு, பாதயாத்திரை போயிருந்தார். ஒருவேளை அந்தக் கார் ஒதுங்கி வழிவிட்ட கூட்டத்தில் அவரும் நடந்துகொண்டிருந்திருக்கலாம்.

வரவேற்புப் பெண் திரையைப் பார்த்தார். நெய்க்காரப்பட்டி அக்காவின் பெயர் இருந்தது. மற்ற பழனிப் பெயர்களும் இருந்தன. அப்பாவின் பெயர் இல்லை.

"ஐயா, மத்தவங்க பேரு எல்லாம் வந்திருக்கு. உங்க பேரு மட்டும் வரலைங்கய்யா."

அம்மா, காலையில் பழனியில் சொல்லித்தான் அனுப்பினார்கள் என்றாள். அந்தப் பெண் பழனிக்குப் போன் போட்டார். லைன் கிடைக்கவில்லை. மறுபடி போட்டார், கிடைக்கவில்லை. இருந்த மெஷின்களில் எல்லாம் ஆள் ஏறிவிட்டார்கள், மீதி இருந்த ஒன்றையும் மூச்சுத் திணறி வந்த ஒருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். "நாளைக்குக் காலைல வாங்கய்யா. மொத ஆளா உங்களைப் போட்டுர்றேன். பேரை இப்பவே ஏத்திர்றேன்." அந்தப் பெண் அன்பாகத்தான் பேசியிருக்கிறார். அப்பா சரிங்க என்று சொல்லிவிட்டு வெளியே வந்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

கார் மூன்று பேருக்கும் பொதுவானது. நெய்க்காரப்பட்டி அக்காவுக்கு முடியும் வரை காத்திருக்க வேண்டும். நாலு மணி நேரம் அப்பா அங்கே உட்கார்ந்திருந்தார். கால் வீங்கியிருந்தது என்று அம்மா சொன்னாள். அந்த நாலு மணி நேரமும் நான் ஆபீசில் ஒரு பள்ளிக்கூடத்துக்காக மார்க் ஷீட் அச்சடிக்கிற வேலையில் இருந்தேன். மதியம் சாப்பாட்டுக்குத் தொட்டுக்கொள்ள வைத்த வெஞ்சனம் சரியில்லை என்று டப்பாவை மூடி வைத்தது நினைவிருக்கிறது. அப்பா பழனியில் முடித்துவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

திரும்பும் வழியில், ஒட்டன்சத்திரம் தாண்டியதும், அப்பாவுக்கு மூச்சு முட்டியது. ரோடு முழுக்கக் காவடி. டிரைவர் ஹாரன் அடித்தார், அம்மா கதவைத் திறந்துகொண்டு இறங்கிக் கத்தினாள். கூட்டம் விலகத்தான் செய்தது. நடந்து வந்தவர்களில் சிலர் காருக்கு முன்னால் ஓடி வழி விலக்கிக் கொடுத்தார்கள். வழியில் இருந்த ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

டிரைவரின் போனிலிருந்து அம்மா பேசினாள். விஷயத்தைச் சொன்னாள். எனக்கு முதலில் வாயில் வந்தது, "டயாலிசிஸ் முடிஞ்சுதானேம்மா வந்தீங்க?" என்ற கேள்வி. என்ன ஜென்மமோ நான்.

"எங்க முடிஞ்சுது? பேரே இல்லைன்னு சொல்லிட்டாங்க கண்ணு" என்றாள்.

காரியம் முடியும் வரை நான் அதைப் பற்றி யாரிடமும் பேசவில்லை. நெய்க்காரப்பட்டி அக்கா வந்திருந்தார். அம்மாவின் முகத்தைப் பார்க்க முடியாமல் பந்தல் ஓரமாகவே நின்றுவிட்டுப் போனார். என் முதலாளி மாலையோடு வந்தார். அந்தத் தம்பியும் வந்தார், என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அவருக்கு அப்போது எதுவும் தெரியாது. எனக்கும் தெரியாது. ஆனால் பந்தலில் உட்கார்ந்திருந்தபோதே என் மண்டைக்குள் ஒரு பக்கம், மற்ற பெயர்கள் எல்லாம் போய்ச் சேர்ந்திருக்க ஒரு பெயர் மட்டும் எப்படிப் போகாமல் இருக்கும் என்று அரித்துக்கொண்டே இருந்தது. எனக்கே என்மேல் அருவருப்பாக இருந்தது.

வேலைக்குத் திரும்பிய முதல் நாள், அந்தத் தம்பியைக் கூப்பிட்டு இரண்டு லேப்டாப்பைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். ஒன்று பழனி, மற்றது திண்டுக்கல். கேபிளைப் பிடுங்காதே, லைனை மட்டும் இழுக்க வை என்றேன். கூட்ட நாளில் டவர் எப்படித் திணறுமோ அப்படி. அவர் செய்தார். சும்மா ஒரு பெயரைப் போட்டு, பழனி லேப்டாப்பில் ஒரு முறை அமுக்கினேன்.

சக்கரம் சுற்றியது. திண்டுக்கல் லேப்டாப்பில் பெயர் வந்து விழுந்தது. "வந்துருச்சே அக்கா" என்றார் தம்பி. போன செய்தி போய்ச் சேர்ந்துவிட்டது, அதற்கான பதில்தான் திரும்பி வரத் தாமதித்தது. பதில் வரவில்லை என்றதும் அவருடைய விதி தன் வேலையைச் செய்தது. மறுபடி அனுப்பியது. இரண்டாவது செய்தியும் திண்டுக்கல் போய்ச் சேர்ந்தது. அங்கே என் புரோகிராமுக்கு அது இரண்டாவது அமுக்கல். தப்பாக அமுக்கிவிட்டார்கள் போல என்று, சொல்லிக் கொடுத்தபடி, பெயரை நீக்கியது. நீக்கிவிட்டு, ஆயிற்று என்று பதில் சொன்னது. பழனி லேப்டாப்பில் பச்சை டிக்.

நாங்கள் இரண்டு பேரும் திண்டுக்கல் லேப்டாப்பின் வெற்றுத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

திரும்பத் திரும்பச் செய்து பார்த்தோம். ஒரே தடவையில் பதில் வந்துவிட்டால் பெயர் நிற்கும். இரண்டு தடவை போனால் அழியும். மூன்று தடவை போனால் மறுபடி வந்து நிற்கும். நெய்க்காரப்பட்டி அக்காவின் பெயர் ஒரு தடவை போனதோ மூன்று தடவை போனதோ, நின்றது. அப்பாவின் பெயர் இரண்டு தடவை போயிருக்கிறது.

"நீங்க இப்படி ஒரு சுவிட்ச் வச்சிருக்கீங்கன்னு எனக்கு எப்படிக்கா தெரியும்?" என்றார் தம்பி.

"நான் எழுதினதைப் படிச்சுப் பாத்தியா?"

"படிக்க வேண்டியதில்லைங்கிறதுதானேக்கா இதோட வசதியே. தொட வேணாம், படிக்க வேணாம். அப்படிச் சொல்லித்தானே எல்லாரும் ஒத்துக்கிட்டோம்."

நான் கையில் இருந்த பேனாவைச் சுவரில் எறிந்தேன். ஆபீசே திரும்பிப் பார்த்தது. நீ எழுதிய விதியை நானும் படிக்கவில்லை என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. இப்போதும், யார் தப்பு என்று யாராவது பஞ்சாயத்துக்கு உட்கார்ந்தால் நான் எழுந்து போய்விடுவேன். சிஸ்டர் கேட்ட சுவிட்ச் சரி. மறுபடி அனுப்பு என்ற விதி சரி. இரண்டையும் ஒன்றுக்கொன்று தெரியாமல் பின்னி வைத்ததும், அன்றைக்கு எல்லோருக்கும் சரி. இத்தனை சரியும் சேர்ந்துதான் என் அப்பாவைக் கொன்றது.

சரி செய்ய அரை நாள்கூட ஆகவில்லை. அனுப்புகிற ஒவ்வொரு செய்திக்கும் ஒரு எண், அதே எண்ணில் இரண்டாவது தடவை வந்தால் கண்டுகொள்ளாதே என்று இன்னொரு ஆஸ்பெக்ட். அப்போதும் நான் எழுதியதில் ஒரு வரியும் தொட வேண்டியிருக்கவில்லை. முடித்துவிட்டுத் தம்பி அதைச் சொல்ல வாயெடுத்தார், பிறகு என்னைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார்.

முதலாளி எங்களை அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். "சென்டர்ல கேட்டா பூசக் கூட்டத்துல நெட்வொர்க் ஜாம்னு சொல்லிருவோம். அது ஒண்ணும் பொய்யில்லையே. உனக்கும் அதுதாம்மா நல்லது, நல்லா யோசி." நான் யோசிக்கவில்லை. நேராகச் சென்டருக்குப் போய், அந்தத் தலைமை சிஸ்டரிடமும் அவர்களுடைய மேனேஜரிடமும் நடந்ததை நடந்தபடியே சொன்னேன். மேனேஜர் இரண்டாவது முறை விளக்கச் சொன்னார், விளக்கினேன். அந்த அம்மா எழுந்து ஜன்னல் பக்கம் போய்விட்டார். பாதயாத்திரை நடந்ததில் அவருடைய பாதத்தில் வந்த புண் இன்னும் ஆறியிருக்கவில்லை. அந்த மாதத்தோடு நானும் டயர் கடை மாடிப்படியில் ஏறுவதை நிறுத்திக்கொண்டேன்.

மிச்சம் இருந்தது அம்மாதான். அவளிடம் சொல்லாமலே விட்டுவிடலாமா என்று பல நாள் நினைத்தேன். அவளுக்கு என்ன புரியும் என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டேன். புரியாதது என்ன இருக்கிறது? பெயரை ஏற்றினார்கள், இயந்திரமே அழித்துவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பாலசமுத்திரம் போயிருந்தபோது, அவள் முருங்கைக் கீரை உருவிக்கொண்டிருந்தாள். எதிரே உட்கார்ந்து நானும் ஒரு கொத்தை எடுத்துக்கொண்டு, எல்லாவற்றையும் சொன்னேன். பழனியில் ஏற்றியது உண்மை, திண்டுக்கல்லில் பெயர் விழுந்ததும் உண்மை, பிறகு நான் எழுதிய புரோகிராம்தான் அதை அழித்தது என்றேன்.

அம்மா என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன். அவள் கை நின்றுவிட்டது.

"அப்ப அன்னைக்கு அந்த லிஸ்ட்டு பொய்யா?" என்றாள்.

"பொய்தாம்மா."

அம்மா கீரையை ஓரமாகத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னாள்.

"நான் அந்தப் புள்ளகிட்ட சண்டைக்குப் போனேன் கண்ணு. என் வாயி உனக்குத் தெரியுமில்ல. பழனில ஏத்தித்தான் அனுப்புனாங்க, எப்படி இல்லாமப் போகும்னு சத்தம் போட ஆரம்பிச்சேன். உங்கப்பாதான் என் கையைப் புடிச்சு வெளிய இழுத்துட்டு வந்துட்டாரு. 'ஏனுங்க, டாக்டர் என்ன சொன்னாரு, மறந்துட்டீங்களா'ன்னு கேக்கறேன். அதுக்கு அவரு, 'அது நம்ம அம்மிணி போட்ட புரோகிராமு. இங்க உக்காந்து பேரு தப்புன்னு கத்துனா, அது போட்டது தப்புன்னுதான அர்த்தம். பத்துப் பேரு முன்னால நாமளே அதைச் சொல்லோணுமா? அது தப்பாச் செய்யாது. ஒரு நாளுதான, தாங்கிக்குவேன்'ங்கறாரு. உனக்கு போன் பண்றேன்னேன். 'வேண்டாம், பதறிரும்'னுட்டாரு."

அம்மா கீரைக் காம்பைக் கீழே போட்டாள்.

"நான் சத்தம் போட்டு அந்த மிசின வாங்கியிருப்பேன் கண்ணு. உன் பேரைச் சொல்லி என் வாயை அடைச்சுட்டாரு."

அவர் உட்கார்ந்திருந்த நாற்காலியிலிருந்து என் ஆபீஸ் நடந்து போகிற தூரம். அப்பாவுக்கு அது தெரியும். அந்த நாலு மணி நேரமும் அது அவருக்குத் தெரியும்.